அபிக்காக நான் போடாத கையெழுத்து

திருத்தணி,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

கனகம்மாசத்திரம் மெயின் ரோட்டில் சலூன் நடத்தி வருபவரும், என் அக்காளின் கணவரும், எங்கள் குடும்பத்தில் யாரையும் கேட்காமல் முடிவு சொல்லும் உரிமை பெற்றவருமான பெருமாள் பாவா அவர்களுக்கு, மைத்துனன் சிங்காரம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கு நானும் அனுராதாவும் குழந்தை அபியும் மலைமேல் இருப்பவர் தயவில் சுகம். அங்கு தாங்களும் அக்காளும் தங்கள் சுழல் நாற்காலிகள் இரண்டும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் தாங்கள் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச வழியில்லை என்பதால் கடிதம். சென்னை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், சலூன் வாசலில் இறங்கித் தருவார்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று தாங்கள் போனில், "டேய் சிங்காரம், திங்கக்கெழம காலைல பத்து மணிக்குள்ள அந்தப் பேப்பர்ல கையெழுத்து போட்டுடு, வீம்பு புடிச்சுகினு இருக்காத" என்று சொன்னீர்கள். போட மாட்டேன். தாங்கள் சொன்னாலும் போட மாட்டேன், அக்காள் வந்து என் வாசலில் உட்கார்ந்து அழுதாலும் போட மாட்டேன். அது என்ன பேப்பர் என்று தங்களுக்குப் பாதிதான் தெரியும். நாலாம் வகுப்பு படிக்கிற என் மகளைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து மனநல டெஸ்ட் எடுத்து, அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதில் சிரமம் இருக்கிறது, வாரத்தில் இரண்டு நாள் தனியாக ஒரு டீச்சர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு அப்பா அம்மா இரண்டு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்கள் பத்து மணிக்குள் போடாவிட்டால் அந்த இடம் வேறு குழந்தைக்குப் போய்விடுமாம். போகட்டும்! அனுராதா என்னைக் கேட்காமல் அவள் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். பக்கத்தில் என் இடம் காலியாக இருக்கிறது. காலியாகவே இருக்கும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று தாங்கள் முழுசாகக் கேட்கவே இல்லை. ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம். மூன்று நாள் குனிந்த முதுகு நிமிராமல் மலைமேல் வேண்டுதலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மொட்டை போட்டுவிட்டு நான் வீட்டில் கட்டையாகக் கிடந்தேன். (ஆளை உயரத்துக்கு ஏற்றி உட்காரவைத்து "சைடுல கொஞ்சம் கொறைக்கவா" என்று கேட்கிற தொழில் செய்பவருக்கு இந்த வலி தெரிய நியாயமில்லை.) அபியின் வகுப்பு மணியம்மை டீச்சரிடமிருந்து போன். "சார், உடனே வாங்க, உங்க பொண்ணு க்ளாஸ்ல..." சட்டை பட்டனைக் கூடப் போடாமல் ஓடினேன். தமிழ்ப் பாட நேரம், ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அபியின் முறை வர இன்னும் இரண்டு பேர்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து இவள் முன் பெஞ்சு சூர்யபிரகாஷ் தலையில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, நன்றாக ஊறவைத்து, ஸ்கேலை எடுத்து நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை இழுத்திருக்கிறாள். அந்தப் பையன் சத்தம் போடவில்லை பாவா, அதுதான் விசேஷம். தலையைக் குனிந்து கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். டீச்சர் போர்டிலிருந்து திரும்பினால் நான்கு ஈரத் தலை, மேலே சாக்பீஸ் தூளைக் குழைத்துப் பூசின சந்தனம், மொத்த வகுப்பும் ஒரே குரலில் "அரோகரா!" ஒரு கீறல் இல்லை. நான் நான்கு தலையையும் தடவிப் பார்த்தேன். "நல்ல கை, எங்கயும் படாம இழுத்துகீறா" என்று தொழில்காரன் என்ற முறையில் சொல்லிவிட்டேன். சூர்யபிரகாஷின் அம்மா எனக்குப் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. "இன்னா சார் நீங்க, பொண்ண கண்டிப்பீங்கன்னு பார்த்தா சர்டிபிகேட் குடுத்துகினு நிக்கிறீங்க?" என்று அந்த அம்மாள் போட்ட சத்தம் கே.ஜி.கண்டிகை வரை கேட்டிருக்கும்.

அதன் பிறகுதான் சென்னையிலிருந்து மாதம் இரண்டு தடவை வருகிற ஷாலினி மேடத்திடம் அபியை அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு மனநலப் பரிசோதனை செய்கிறவர். சின்னப் பெண்தான், கண்ணாடி, துணிப்பை, பைக்குள் வண்ணக் கட்டைகள், பட அட்டைகள். டெஸ்ட் நடக்கும்போது நான் உள்ளே இருக்கக் கூடாதாம். சரி என்று வெளியே வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டேன். ஜன்னலுக்குக் கீழே நிற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. "அபி, ஒரு ஆளு படம் வரைம்மா" என்றார். வரைந்தாள். மொட்டைத் தலை, அதில் மஞ்சள் க்ரேயானால் சந்தனம். "ஒரு அம்மா படம் வரை" என்றார். புடவை, வளையல், கொலுசு எல்லாம் போட்டு, மொட்டைத் தலை, சந்தனம். "உங்க வீட்ல இருக்கறவங்கள வரை." மூன்று மொட்டை. "உங்க டீச்சர்?" அந்த அம்மாளும் மொட்டை. மஞ்சள் க்ரேயான் தீர்ந்துவிட்டது. அடுத்து ஒரு முகத்தின் படத்தைக் காட்டி "இதுல என்ன இல்ல?" என்று கேட்டார். அதில் ஒரு காது இல்லை. "ஐயய்யோ, பிளேடு பட்டுகிச்சா?" என்று பதறியிருக்கிறாள் குழந்தை. "ஒரு சின்னப் பாப்பா அழுதா நீ என்ன பண்ணுவ?" என்று ஒரு கேள்வி. "தலைய கெட்டியாப் புடிச்சுப்பேன். அசையாத, அசையாத, அங்க பாரு மயிலுன்னு சொல்லுவேன். அவங்கம்மாவ கால புடிச்சுக்கச் சொல்லுவேன்." இதில் என்ன தப்பு? லீவு நாளெல்லாம் மலைமேல் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கிற உலகம் அதுதானே!

அறிக்கையின் முதல் பிரதியில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "குழந்தை வரையும் மனிதர்கள் எவருக்கும் தலைமுடி இல்லை. ஆழமான மனக்கலக்கம் இருக்கலாம்." எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மேஜையைத் தட்டி எழுந்தேன். "மேடம், என் பொண்ணு பார்க்கிற பத்து தலையில ஒம்போது மொட்ட. அந்த ஒம்போதையும் மொட்ட அடிச்சவன் நான். மனக்கலக்கம் இருந்தா எனக்குத்தான் இருக்கணும்!" அந்தப் பெண் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. அப்புறம் படங்களைப் பார்த்தது. அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தது. "சாரி சார், தப்பு என்னுதுதான். உங்க வேலை என்னன்னு நான் மொதல்லயே கேட்டிருக்கணும்" என்று அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டது. அடித்தால் ஆயிற்றா? ஒரு வரி தப்பு என்று அவர்களே ஒத்துக்கொண்ட பிறகு மீதி வரியெல்லாம் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும்? இதற்குத் தாங்கள் பதில் சொல்லுங்கள். சொல்ல முடியாது.

மீதி வரி என்ன? ஞாபகசக்தி அபாரம் என்கிறது. ஏழு எண்ணைச் சொன்னால் அதைத் திருப்பிப் பின்னாலிருந்து சொல்கிறாள், கேட்காமலேயே தெலுங்கிலும் சொல்கிறாள். "இந்த வயசுல இப்படி ஒரு ஞாபகசக்திய நான் பார்த்ததில்ல சார்" என்று மேடமே சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கிளம்பப் பார்த்தேன். "இருங்க சார், அதனாலதான் இவ்ளோ நாள் யாருக்கும் தெரியாம சமாளிச்சுட்டா. மத்த புள்ளைங்க வாசிக்கறதக் கேட்டு மனப்பாடம் பண்ணிச் சொல்லிடறா. நடுவுல ஒரு வார்த்தையத் தொட்டுக் காட்டினா தெரியல. வாசிக்கற முறை வந்தா ஏதாவது சேட்டை பண்றா, வெளிய நிக்க வெச்சுடறாங்க, அவளுக்கு அதுதான் வேணும்" என்றார். நடுவில் தொட்டுக் காட்டினால் யாருக்குத் தெரியும் பாவா? உச்சந்தலையில் ஆரம்பித்து மொட்டை போடு என்றால் இருபது வருஷ சர்வீஸ் உள்ள எனக்கே கை தடுமாறும். எதற்கும் ஒரு ஆரம்பம், ஒரு வழி இருக்கிறது. இதை நான் சொன்னபோது மேடம் நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டார். என்னைப் பற்றித்தான் எழுதியிருப்பார்.

இதற்கு நடுவில் பெற்றோர் நிரப்ப வேண்டும் என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். இருபத்தெட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. முதல் நாலைந்தைப் படித்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லையா, சொன்னதைக் கேட்பதில்லையா, அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசுவது உண்டா, பொருள்களைத் தொலைப்பது உண்டா. இது தங்களைப் பற்றிய கேள்வித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் பொண்ணைப் பற்றி இப்படியெல்லாம் கேட்கிறார்களே என்ற ஆத்திரத்தில் மீதியைப் படிக்காமல் மேலிருந்து கீழே இருபத்தெட்டுக்கும் "இல்லை, இல்லை, இல்லை" என்று டிக் அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். கேள்வி பதினாறு: குழந்தை சிரிப்பாளா? இல்லை. கேள்வி பத்தொன்பது: பெற்றோரிடம் ஒட்டுதல் உண்டா? இல்லை. கேள்வி இருபத்து மூன்று: சாப்பிடுவாளா? இல்லை. மணியம்மை டீச்சர் தாளை என் முன்னால் வைத்து, "சார், நாலு வருஷமா சாப்பிடாத புள்ளையா சார் நேத்து என் டிபன் பாக்ஸ்ல இருந்து ரெண்டு வட எடுத்துச்சு?" என்று கேட்டார். அனுராதா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் பக்கத்தில் நடக்கவில்லை, நாலடி முன்னாலேயே போனாள்.

கூடவே ஒரு அட்டையும் வந்தது. வீட்டுச் சுவரில் ஒட்ட வேண்டும். குழந்தை பொறுமையாக இருந்தால் ஒரு நட்சத்திரம், கேட்டுப் பேசினால் ஒரு நட்சத்திரம், கோபம் வந்தபோது பத்து எண்ணினால் இரண்டு. அடிக்கவோ கத்தவோ கூடாதாம், நல்லதைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நான்கே நாளில் அபி பதினேழு நட்சத்திரம். நான் மெச்சிக்கொண்டிருக்கும்போதே அனுராதா அட்டையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பக்கத்தில் இன்னொரு பேர் எழுதினாள்: சிங்காரம். எனக்கு முப்பத்தெட்டு வயது. என்னைத் தெரியாத ஆள் மலையடிவாரத்தில் கிடையாது. எனக்கு என் வீட்டுச் சுவரில் நட்சத்திரக் கணக்கு! முதல் வாரம் பூஜ்யம். இரண்டாம் வாரம், அந்த அட்டையைக் கிழித்துப் போடுவேன் என்று கத்தியதில் மறுபடியும் பூஜ்யம். மூன்றாவது வாரம் கிருத்திகை அன்று, காலில் கொப்புளத்தோடு வந்து பேசாமல் படுத்துவிட்டேன், ஒரு நட்சத்திரம் ஒட்டினாள். அபி வந்து, "நைனா, நீ ஒண்ணு வாங்கிட்ட பாரு!" என்று கை தட்டினாள். சந்தோஷமாக இருந்தது என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அபிக்குப் படிக்கத் தெரியும் என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கிறது. நானே டெஸ்ட் வைத்தேன். கட்டையும் இல்லை, படமும் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். "இது எந்த ஊரு பஸ்ஸு?" "திருப்பதி நைனா." சரி. "அது?" "ஆர்.கே.பேட்ட, அம்மையார்குப்பம் வழி." சரி. "அந்த மூலைல நிக்கிறது?" "அரக்கோணம்." ஏழு பஸ்ஸுக்கு ஏழும் சரி! அங்கேயே அவளைத் தூக்கிச் சுற்றினேன், டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் அனுராதா, "அதுங்க தெனமும் அதே எடத்துல நிக்கிற பஸ்ஸு, போர்ட கழட்டிட்டுக் கேட்டாலும் சொல்லுவா" என்கிறாள். இப்படிப் பேசினால் மனுஷன் எதைத்தான் நிரூபிப்பது?

பாவா, இவ்வளவும் எழுதிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். ஏழாவது படிக்கும்போது என் வாத்தியார் ஒருத்தர் என்னை எழுப்பி ஒரு பத்தி படிக்கச் சொன்னார். திக்கினேன். "உக்கார்றா, கையில கத்தி இருக்கறவனுக்குப் புஸ்தகம் எதுக்கு" என்றார். வகுப்பே சிரித்தது. மத்தியானம் மணி அடித்ததும் வீட்டுக்கு வந்தவன் திரும்பப் போகவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. அப்புறம் டீக்கடைப் பேப்பரைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இவ்வளவு எழுதக் கற்றுக்கொண்டது. இப்போது அச்சடித்த தாளில், முத்திரை போட்டு, என் மகள் பெயருக்கு நேரே "சிரமம்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டால், அந்த வாத்தியார் சொன்னது சரிதான் என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். நாளைக்கு நாலு பேர் பார்த்து, டெஸ்ட் எடுத்த பொண்ணு, தனி டீச்சர் வைத்த பொண்ணு என்று பேர் வைப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை நான் அனுராதாவிடம் கூடச் சொல்லவில்லை. அதனால் போட மாட்டேன், போட மாட்டேன், போடவே மாட்டேன். என் பொண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது, இருந்தால் அதை நானே பார்த்துக்கொள்வேன், சென்னையிலிருந்து துணிப்பையோடு யாரும் வர வேண்டாம்.

இதற்கு மேல் தாங்கள் போன் செய்தால் எடுக்க மாட்டேன். அக்காளுக்கு என் வணக்கமும், தங்கள் கத்திரிகளுக்குக் குறையாத கூர்மையும், தங்கள் முழங்கால் வலிக்குச் சீக்கிர குணமும் அந்த முருகன் தர வேண்டும். வயதில் பெரியவர் என்பதால் ஆசீர்வாதம் மட்டும் அனுப்பிவையுங்கள், புத்திமதி வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டுகிற மைத்துனன்,
சிங்காரம்.

பி.கு: பாவா, கடிதத்த மடிச்சுகினு இருக்கும்போது அபி வந்தா. "யாருக்கு நைனா?"ன்னு கேட்டா. "பெருமாள் மாமாவுக்கு. உன்னப் பத்திதான் எழுதிகீறேன். எங்க, படி பார்க்கலாம்"னு கையில வந்த பக்கத்த எடுத்துக் குடுத்தேன். கெத்தா குடுத்தேன். அனுராதா கேக்கட்டும்னு சத்தமாதான் சொன்னேன்.

அபி எதிர்ல உக்காந்து, எழுத்துக்குக் கீழ வெரல வெச்சு நகர்த்திகினே படிச்சா. புள்ளி வந்த எடத்துல நிறுத்தினா. "பெருமாள் மாமா, நல்லா இருக்கீங்களா. அத்த நல்லா இருக்காங்களா. அபி நல்லாப் படிக்கிறா. டீச்சர் அவள வெளிய நிக்க வெக்கல. நைனாவுக்கு அபி மேல கோவம் இல்ல." அப்படியே வரி வரியா வெரல் போவுது. அவ கையில இருந்தது அந்தக் கேள்வித்தாளப் பத்தி நான் எழுதின பக்கம். அவ சொன்னதுல ஒரு வார்த்த கூட அதுல இல்ல. கோவம் இல்லன்னு நான் எந்தப் பக்கத்துலயும் எழுதல பாவா. எழுதியிருக்கணும்.

நடுவுல ஒரு வார்த்தையத் தொட்டுக் காட்டினேன். சின்ன வார்த்த. அவ பேப்பரப் பார்க்கல. என் மூஞ்சியப் பார்த்தா. "தண்ணி கொண்டாரட்டா நைனா?"ன்னா.

ஆங், போட்டுட்டேன். அனுராதா பேருக்குப் பக்கத்துல, அந்தக் காலி எடத்துல. மேல எழுதினது எதையும் நம்பாதீங்க, அக்காளுக்கும் படிச்சுக் காட்டாதீங்க. பத்து மணிக்கு இல்ல, நாளைக்கு எட்டு மணிக்கே போயி அந்த ஸ்கூல் கேட்டுல நிக்கப் போறேன். என் பொண்ணோட எடத்த எவன் வேற யாருக்கோ குடுக்கறான்னு பார்த்துடறேன்.